பெயின்ட் அடிக்காத மஸ்டாங்

1968-இல் வெளிவந்த 'புல்லிட்' படத்துக்கு இரண்டு பச்சை ஃபோர்டு மஸ்டாங்குகள் வந்தன. ஒன்று தாவிக் குதித்து அடிபட. மற்றது பெரும்பாலும் படத்தின் நாயகன் ஸ்டீவ் மெக்வீன் ஓட்ட. சான் ஃபிரான்சிஸ்கோவின் செங்குத்துத் தெருக்களில் அவை துரத்தியது வில்லன்களின் கறுப்பு டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி காரை. மஸ்டாங்கின் 390 கன அங்குல எஞ்சினுக்கு 325 குதிரைத்திறன். சார்ஜரின் 440-க்கு 375. வில்லனின் வண்டிதான் பலசாலி. மஸ்டாங்கை, பெரிய எஞ்சின் பலத்துக்குப் பேர்போன 'மசில் கார்' என்றே ஒப்பாத ரசிகர்களும் உண்டு. அது அளவில் சிறிய, ஸ்போர்ட்டியான 'போனி கார்' என்பார்கள். அந்தச் சண்டை இன்றைக்கும் ஓயவில்லை.

படம் முடிந்ததும், அடிபட்ட மஸ்டாங் காயலான் கடைக்குப் போனது. பல பத்தாண்டுகள் கழித்து மெக்சிகோவின் பாஹா பகுதியில் அகப்பட்டது. மெக்வீன் ஓட்டியதை ஸ்டூடியோ ஊழியர் ஒருவர் வாங்கினார். அவரிடமிருந்து நியூஜெர்சி போலீஸ்காரர் ஒருவர். 1974-இல் அதே மாநிலத்துக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டு அம்மா ஆசிரியை. உலகப் புகழ் பெற்ற அந்தக் காரில்தான் தினமும் பள்ளிக்கூடம் போய்வந்தார்! 1977-இல் மெக்வீனே கடிதம் எழுதித் திருப்பிக் கேட்டார். அவர்கள் கொடுக்கவில்லை. 1980-இல் கிளட்ச் போனது, கார் முடங்கியது.

அந்த முடக்கமே அதைக் காப்பாற்றியது என்பேன். யாராவது பழுதுபார்த்து பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால், படப்பிடிப்பின் தடயங்கள் போயிருக்கும். கேமரா பொருத்த அடியில் வெல்டு செய்த தாங்கிகள்கூட அப்படியே இருந்தன. 2018-இல் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் அது வெளிச்சத்துக்கு வந்தது. 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸிமியில் நடந்த மீகம் ஏலத்தில், கட்டணம் உட்பட 37.4 லட்சம் டாலருக்குப் போனது. குதிரைத்திறனில் தோற்ற வண்டிக்கு இந்த விலை. கொடுத்த பணம் எஞ்சினுக்கல்ல, கைமாறிய வரலாற்றுக்கும் அதை நிரூபிக்கும் காகிதங்களுக்கும்.

மெக்வீன் தொடாத 1968 மாடலை வாங்குபவர் பார்க்க வேண்டியது அடையாள எண்ணின் ஐந்தாவது இடம். மஸ்டாங்கில் அது எஸ் என்றால் 390 எஞ்சின். சார்ஜரில் எல் என்றால் 440, ஜே என்றால் அதைவிட விலை உயர்ந்த 426 ஹெமி எஞ்சின். எல் எழுத்துள்ள சார்ஜரை ஹெமி என்று யாராவது விற்க வந்தால், எஞ்சின் எவ்வளவு அழகாக உறுமினாலும் ஹெமி விலை கொடுக்காதீர்கள்.