சதுப்பு ஆமை பிழைத்த வரலாறு

ஆஸ்திரேலியாவின் மிக அரிய ஊர்வனவற்றில் ஒன்று எது தெரியுமா? பெர்த் நகரத்தை ஒட்டிய சில சிறிய சதுப்பு நிலங்களை மட்டுமே சொந்த வீடாகக் கொண்ட மேற்கத்திய சதுப்பு ஆமைதான் அது. முழுதாக வளர்ந்தாலும் அதன் ஓடு சுமார் 15 சென்டிமீட்டர்தான்!

1839-ல் லுட்விக் பிரைஸ் என்ற ஜெர்மானியர் சேகரித்த ஓர் ஆமை வியன்னா அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சீபன்ராக் என்பவர் அதற்குப் பெயர் வைக்கவே 1901 ஆகிவிட்டது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்த இனம் ஆய்வாளர்கள் கண்ணில் படவே இல்லை. 1953-ல் ஒரு பள்ளிச் சிறுவன் தான் பிடித்த ஆமையைக் கண்காட்சிக்குக் கொண்டு வந்தான். முதலில் அதைப் புதிய இனம் என்றே நினைத்தார்கள். பழைய வியன்னா ஆமையும் இதுவும் ஒன்றே என்பது 1958-ல்தான் தெளிவானது.

1962-ல் எல்லன் புரூக், ட்வின் ஸ்வாம்ப்ஸ் என்ற இரண்டு இடங்கள் காப்பகங்கள் ஆயின. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை!

இந்த ஆமை தண்ணீருக்குள் மட்டுமே இரை தின்னும். மழைக்காலத்தில் சதுப்பு நிறைந்திருக்கும்போது தின்று எடை ஏற்றிக்கொண்டு, கோடையை மண்ணுக்குள் உறங்கிக் கழிக்கும். மழை குறைந்து நீர் சீக்கிரம் வற்றினால், போதிய எடை ஏறாத குஞ்சுகள் கோடையைத் தாண்டுவதில்லை. போதாததற்கு ஐரோப்பியர் கொண்டு வந்து விட்ட நரிகள் வேறு. காப்பகத்துக்கு வெளியே இருந்த சதுப்புகளோ விவசாயத்துக்கும் செங்கல் களிமண்ணுக்கும் பலியாகிவிட்டன. 1980களின் நடுவில் மிஞ்சியவை 50-க்கும் குறைவு.

1987-ல் ஜெரால்ட் குச்லிங் என்ற விலங்கியலாளர் பெர்த் மிருகக்காட்சி சாலையில் இனப்பெருக்கப் பணியைத் தொடங்கினார். ஒரு பெண் ஆமை ஆண்டுக்கு 3 முதல் 5 முட்டைகள்தான் இடும். எனவே முட்டை உருவாவதை அல்ட்ராசவுண்ட் மூலம் கவனித்தார்கள். குஞ்சுகளைச் சுமார் 100 கிராம் எடை வரும் வரை வளர்த்து, பிறகு சதுப்பில் விட்டார்கள். காப்பகங்களைச் சுற்றி நரி நுழையாத வேலி போட்டார்கள். ட்வின் ஸ்வாம்ப்ஸில் வறண்ட காலங்களில் நிலத்தடி நீரைப் பம்ப் செய்து விட்டார்கள். இப்படி வெளியே விடப்பட்டவை 800-க்கும் மேல்.

ஆனாலும் 1970களிலிருந்து தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் மழை குறைந்துகொண்டே வருகிறது. அதனால் 2016-ல் சில இளம் ஆமைகளைத் தெற்கே, மழை அதிகமுள்ள சதுப்புகளில் விட்டுச் சோதித்தார்கள். அவை இதுவரை அந்த இனம் வாழ்ந்திராத இடங்கள். புதிய இடத்தில் விட்டால் அங்குள்ள மற்ற உயிர்களுக்குத் தீங்கு வருமோ என்ற கேள்வி ஒரு பக்கம். பழைய இடத்திலேயே விட்டால் ஒருநாள் தண்ணீரே இருக்காதே என்ற பயம் மறு பக்கம்.

இந்த ஆமை இன்றும் மிக அருகிய இனங்களின் பட்டியலில்தான் இருக்கிறது. நிலத்தை ஒதுக்கி வைத்தால் மட்டும் ஓர் உயிரினம் பிழைத்துவிடாது, அந்த நிலத்தில் தண்ணீரும் இருக்க வேண்டும் என்பதே இதன் வரலாறு சொல்லும் பாடம்.