பாட்டி சொன்னதும் பத்திரம் சொல்வதும்



வரலாறு என்றதும் நமக்கு அரசர்களும் போர்களுமே நினைவுக்கு வருகின்றன. நம் தாத்தா கப்பலேறி வந்த கதையும் வரலாறுதான் என்று நாம் எண்ணுவதில்லை. தமக்குப் பிடித்த ஒரு காலத்தைப் பற்றிய செய்திகளைச் சேர்த்து வைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கின்றனர். நாமும் ஒரு காலத்தைத் தேர்ந்துகொள்வோம். அது கங்காணி காலமாகவே இருக்கட்டும்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில் உறுதியான சில ஆண்டுகளை எழுதிக்கொள்வோம். 1907-இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய அப்பணத்திலிருந்து தொழிலாளர்களின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. 1910-இல் ஒப்பந்தக் கூலிகளை இந்தியாவிலிருந்து சேர்ப்பது நின்றது. 1938-இல், உதவிப் பயணத்தில் தொழிலாளர்கள் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசு தடை செய்தது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதை போடப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 415 கிலோமீட்டர்.

இனி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்போம். "உன் தாத்தா 1920-இல் ரஜூலா கப்பலில் வந்தார்" என்று பாட்டி சொல்வதாக வைத்துக்கொள்வோம். ரஜூலா 1926-இல் கட்டப்பட்ட கப்பல். அப்படியானால் பாட்டி பொய் சொன்னாரா? இல்லை. ஆண்டு தவறியிருக்கலாம், அல்லது வேறு கப்பலில் வந்தவரின் நினைவில், பின்னாளில் பெயர்பெற்ற கப்பல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எனவே மேலும் கேட்க வேண்டும். நாகப்பட்டினத்தில் ஏறினாரா, சென்னையில் ஏறினாரா? பினாங்கில் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைத்தார்களா? அப்போது பெரியப்பா பிறந்துவிட்டாரா?

பாட்டி சொன்னதை இடப்பக்கத்தில் அவர் சொன்னபடியே எழுதுவோம். பிறப்புப் பத்திரம், பழைய அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு ஆகியவற்றில் உள்ளதை வலப்பக்கத்தில் எழுதுவோம். இரண்டும் பொருந்தாவிட்டால் ஒன்றை அழித்துவிடக் கூடாது. தோட்டத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். நம்மவர்கள் அழைத்த பெயர் ஒன்று, பதிவேட்டுப் பெயர் வேறொன்று என்பது பல தோட்டங்களில் உண்டு. இரண்டையும் குறித்துக்கொள்வோம். பெரியவர்கள் சம்மதித்தால், கைத்தொலைபேசியில் அவர்கள் குரலையும் பதிந்து வைக்கலாம்.

இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். தாய்லாந்தின் காஞ்சனாபுரியில், சயாம் பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. அதே பாதையில் மாண்ட நம் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு கல்லும் இல்லை. அவர்கள் பெயர் எங்கே இருக்கிறது? "என் மாமா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை" என்று சொல்லும் ஒரு கிழவியின் வாயில் இருக்கிறது. அவரும் போய்விட்டால், அந்தப் பெயரும் போய்விடும்.

பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிந்தன, குடும்பங்கள் பட்டணங்களுக்குச் சிதறின. ஆகவே நாளை என்று தள்ளிப்போடாமல், இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் வீட்டின் மூத்தவர் அருகில் உட்காருவோம். "உங்கள் அப்பா பெயர் என்ன? எந்த ஊர்?" என்ற இரண்டு கேள்விகளோடு தொடங்குவோம்.