ஆன்செல் கீஸ்

ஆன்செல் கீஸ் (1904–2004), மாரடைப்பின் வேரைச் சாப்பாட்டுத் தட்டில் தேடிய அமெரிக்க உடலியல் அறிஞர். கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிறந்தவர். பொருளாதாரத்தில் தொடங்கி விலங்கியல், கடலியல் என்று சுற்றி, கேம்பிரிட்ஜில் உடலியலுக்கு இரண்டாவது டாக்டர் பட்டம் வாங்கினார். மருத்துவம் மட்டும் படிக்கவில்லை.

மினசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து அரங்கத்தின் அடியில்தான் அவரது ஆய்வகம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் சுமந்த ‘கே ரேஷன்’ உணவுப் பொட்டலம் அவர் கைவண்ணம். பட்டினியால் நொடித்தவர்களைத் தேற்றுவது எப்படி என்றறிய, ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைவயிற்றில் வைத்தார். எடையில் கால்பங்கு கரைந்தது. சமையல் புத்தகங்களைப் புரட்டியபடி கிடந்தார்கள்; தட்டை நக்கினார்கள்.

போருக்குப் பின் கவனம் நேரெதிர்த் திசைக்குத் திரும்பியது: நன்றாகச் சாப்பிடும் அமெரிக்க வியாபாரிகள் ஏன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார்கள்? நேப்பிள்ஸில் இதயநோய் அரிது என்று இத்தாலியப் பேராசிரியர் ஒருவர் சொன்னதை நம்பி, 1952இல் மனைவி மார்கரெட்டோடு அங்கே போனார். இரத்தக் கொழுப்பை அளந்தவர் உயிர்வேதியியலாளரான மார்கரெட்தான்.

1958இல் தொடங்கியது ஏழுநாட்டு ஆய்வு: 40 முதல் 59 வயதுவரையுள்ள 12,763 ஆண்கள். கிழக்குப் பின்லாந்தில் மரம்வெட்டிகள் ரொட்டித்துண்டு அளவு பாலாடைக்கட்டியின் மேல் வெண்ணெயைத் தடவித் தின்பதைக் கீஸ் பார்த்தார். மாரடைப்பு அங்கேதான் மிக அதிகம். கிரீட் தீவினரும் எண்ணெயில் குறைவைக்கவில்லை, ஆனால் அது ஆலிவ் எண்ணெய். மாரடைப்போ மிகக் குறைவு. ஆகவே குற்றவாளி கொழுப்பு முழுவதும் அல்ல, நிறைவுற்ற கொழுப்பு என்றார்.

1961இல் ‘டைம்’ இதழின் அட்டையில் அவர் முகம் வந்தது. எதிர்ப்பு அதற்கு முன்பே கிளம்பியிருந்தது. உணவுக் கொழுப்பையும் இதயநோய்ச் சாவையும் இணைத்து 1953இல் ஆறு நாடுகளை வைத்து அவர் வரைந்த வரைபடம், 22 நாடுகளைச் சேர்த்தால் வலுவிழக்கிறது என்று 1957இல் இருவர் காட்டினார்கள். இந்த வரைபடத்தையும் ஏழுநாட்டு ஆய்வையும் ஒன்றாகக் குழப்பித் திட்டுபவர்கள் இன்றும் உண்டு; அது நியாயமில்லை. கிரீட்டில் உணவுக் கணக்கெடுப்பின் ஒரு பகுதி நோன்புக் காலத்தில் நடந்தது என்ற குறை மட்டும் எளிதில் தள்ளத்தக்கதல்ல.

உடல் நிறை குறியீட்டெண் என்ற பெயரை 1972இல் வைத்தவரும் இவரே. ஓய்வுக்காலத்தில் பல ஆண்டுகள் தென்னித்தாலியின் பியோப்பி என்ற கடலோரக் கிராமத்தில் கழிந்தன. நூறு வயதில், நீண்ட ஆயுளுக்குச் சாப்பாடு காரணமா என்று கேட்டார்கள். இருக்கலாம், ஆனால் ஆதாரமில்லை என்றார்.