தனித்திருத்தலும் தனித்து வைக்கப்படுதலும்

சின்னசேலத்திலிருந்து வடக்கே பார்த்தால் நீலமாய்க் கிடக்கும் கல்வராயன் மலைத்தொடரைத் தனித்து வாழும் பழங்குடிகள் பற்றிய விவாதங்களில் எவரும் நினைப்பதில்லை. பேச்சு எப்போதும் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்கே போய்ச் சேர்கிறது. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் மதம் பரப்பும் நோக்குடன் அங்கு இறங்கிக் கொல்லப்பட்டபோது, அம்மக்களை அவர்கள் போக்கில் விட்டுவிடுங்கள் என்றே பலரும் எழுதினார்கள்.

அதன் நியாயத்தை அந்தமானின் வரலாறே சொல்லும். 1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பை அமைத்தபோது பெரிய அந்தமானியர் சில ஆயிரம் பேர் இருந்தனர். 1961 கணக்கெடுப்பில் எஞ்சியவர் 19 பேர். 1880இல் எம்.வி. போர்ட்மன் என்ற அதிகாரி சென்டினல் தீவில் ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுசென்றார். பெரியவர்கள் நோயுற்று இறந்தனர். குழந்தைகள் பரிசுப்பொருட்களோடு தீவில் இறக்கிவிடப்பட்டனர். அப்பரிசுகளோடு என்னென்ன நோய்கள் உடன் போயினவோ! 1967இல் டி.என். பண்டிட் முதலானோர் நட்புப் பயணங்களைத் தொடங்கினர். 1991இல் மதுமாலா சட்டோபாத்யாய் இருந்த குழுவிடம் அத்தீவினர் நீரில் இறங்கிவந்து தேங்காய்களை வாங்கிக்கொண்டனர். சில ஆண்டுகளிலேயே அரசு அப்பயணங்களை நிறுத்தியது. கைகூடிய ஒரு தொடர்பைத் தானே கைவிட்ட அரசு அபூர்வம். இந்திய நிர்வாகத்தின் கணக்கில் வரவு வைக்கத்தக்க செயல் இது.

ஆனால் இதே வாசகத்தை எல்லா மலைக்கும் காட்டுக்கும் நீட்டும்போதுதான் தவறு நேர்கிறது. கல்வராயனில் வாழும் மலையாளிகள் (கேரளத்தவர் அல்லர், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர்) தமிழ் பேசுபவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு. 1909இல் தர்ஸ்டனும் அதைப் பதிவு செய்திருக்கிறார். உலகம் அறியாத மக்களாக அவர்கள் என்றும் இருந்ததில்லை. ஆயினும் அவர்கள் தனித்து வைக்கப்பட்டிருந்தனர். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களின் கீழ் மலை இருந்தது. உழுதவனுக்கு நிலத்தின்மேல் உரிமையில்லை. கூலியின்றி வேலை செய்யும் கடமை மட்டும் உண்டு. சமவெளியின் ஜமீன்களை ஒழிக்க 1948லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. கல்வராயனின் ஜாகீர்கள் முடிவுக்கு வந்ததோ 1976இல்.

அது நெருக்கடிநிலைக் காலம். சமவெளிக் குடிமகன் தன் உரிமைகளை இழந்து நின்ற வேளையில்தான் மலைக் குடிமகன் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். அதுவரையான நெடுங்காலத்தில், மலையை அதன் போக்கில் விட்டுவிடுவது யாருக்கு நன்மையாக இருந்தது? உழுதவனுக்கு அல்ல.

இதனால் அரசு மலையேறுவதே விடுதலை என்று சொல்லிவிடவும் முடியாது. பக்கத்துச் சித்தேரி மலையடிவாரத்தில், இதே மலையாளிகள் வாழும் வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று நுழைந்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்களே. சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி ஊரைச் சூறையாடினர். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாயினர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தனர். 2023இல் சென்னை உயர்நீதிமன்றமும் தண்டனைகளை உறுதிசெய்தது. சீருடையோடு வந்த இந்தத் தொடர்பை எந்த மானிடவியல் நூலும் தொடர்பு என்ற தலைப்பில் சேர்ப்பதில்லை.

சென்டினல் தீவினர் தம் விருப்பத்தை அம்பெய்து சொல்லிவிடுகிறார்கள். அதைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. கல்வராயன் மக்கள் நாம் பேசும் அதே தமிழில் பட்டா கேட்கிறார்கள், சாலையும் மருத்துவமனையும் கேட்கிறார்கள். 2024இல் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகுதான், சென்னை உயர்நீதிமன்றம் அம்மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. ஜாகீர்கள் ஒழிந்து அப்போது 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.