‘சொக்கிப் போறது’ன்னா என்ன? மதுரைக்காரங்க சொல்லும் மயக்கமும், மூளையில் நடக்கும் மாற்றமும்!

தைப்பொங்கல் அன்று காலை மதுரை வில்லாபுரத்தில் பானை பொங்குவதற்கு முன்பே பல இளைஞர்கள் பக்கத்தில் உள்ள அவனியாபுரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். வாடிவாசல் திறந்து காளை சீறிப் பாயும் அந்த சில நொடிகளைப் பார்க்கத்தான் இவ்வளவு அவசரம். ‘அப்படியே சொக்கிப் போயிட்டேன்’ என்று சொல்வோமே, அந்த நிலை இதுதான். ஒன்றின் மேல் மனசு இப்படி ஏன் போய் ஒட்டிக்கொள்கிறது? அது எப்போது ஆபத்தாக மாறும்? விரிவாகப் பார்க்கலாம்.

சொக்கு என்றால் என்ன?

‘சொக்கு’ என்ற சொல்லுக்கு அழகு, மயக்கம் என இரண்டு பொருளும் உண்டு. அழகைப் பார்த்து மயங்கி நிற்பது ‘சொக்குவது’. ஆளை மயக்கிவிடும் என்று கதைகளில் சொல்லப்படும் பொடிக்கு ‘சொக்குப்பொடி’ என்று பெயர்.

மதுரைக்கும் இந்தச் சொல்லுக்கும் நெருக்கம் அதிகம். மீனாட்சி அம்மன் கோயிலில் உள்ள சுந்தரேசுவரரின் இன்னொரு பெயர் சொக்கநாதர். 17ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட நாயக்க மன்னர் ஒருவரின் பெயரும் சொக்கநாத நாயக்கர்தான்.

ஈர்ப்பு முதல் வெறி வரை

தமிழில் இந்த உணர்வுக்குப் பல படிகள் உள்ளன.

ஈர்ப்பு: ‘ஈர்’ என்றால் இழு. ஒன்று நம்மைத் தன் பக்கம் இழுப்பது. புவியீர்ப்பில் வருவதும் இதே சொல்தான்.

மோகம்: வடமொழியில் இருந்து வந்த சொல். மனம் தெளிவிழந்து மயங்குவதையும் குறிக்கும்.

பித்து: பித்தம் என்ற சொல்லோடு தொடர்புடையது. புத்தி தடுமாறும் அளவுக்கான ஆசை.

வெறி: வேறு எதுவும் கண்ணில் படாத நிலை.

ஆங்கிலத்தில் ‘ஃபேசினேஷன்’ என்கிறார்கள். இது மந்திரத்தால் கட்டிப்போடுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. கண்ணேறு, அதாவது ‘கண்ணு வைக்கிறது’ என்ற நம்பிக்கையோடும் அந்தச் சொல்லுக்குத் தொடர்பு உண்டு.

மூளையில் என்ன நடக்கிறது?

இதில் ‘டோபமைன்’ என்ற வேதிப்பொருளுக்கு முக்கியப் பங்கு உண்டு. இதை ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்று பலரும் சொல்வார்கள். ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நரம்பியல் ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் சொல்வது வேறு. ‘பிடித்திருப்பது’ வேறு, ‘வேண்டும் என்று தவிப்பது’ வேறு. டோபமைன் தூண்டுவது பெரும்பாலும் அந்தத் தவிப்பைத்தான் என்கிறார் அவர். அதனால்தான் சில விஷயங்களில் சந்தோஷமே போன பிறகும் விட முடியாமல் தவிக்கிறோம்.

எதிர்பாராமல் கிடைக்கும் பலனுக்கு டோபமைன் அதிகம் துள்ளும் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்த ஒன்று. அடுத்து வரும் காளை நின்று விளையாடுமா, பிடி கொடுக்காமல் ஓடுமா என்று யாருக்கும் தெரியாது. கண் எடுக்காமல் பார்க்க வைப்பதில் அந்த ‘தெரியாது’வுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. செல்போனில் அடுத்த ரீல்ஸ் என்ன என்று விரல் தள்ளிக்கொண்டே போவதும் இதனால்தான்.

எப்போது ஆபத்து?

கனடா உளவியலாளர் ராபர்ட் வாலராண்ட் 2003ல் வெளியிட்ட ஆய்வில் ஆர்வத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, நம் கட்டுப்பாட்டில் இருக்கும் ஆர்வம். இன்னொன்று, நம்மை ஆட்டிவைக்கும் ஆர்வம். சைக்கிள் ஓட்டுபவர்களிடம் அவர் குழு ஆய்வு செய்தது. கட்டுப்பாட்டோடு ஆர்வம் கொண்டவர்கள், சாலை பனியால் வழுக்கும் குளிர்காலத்தில் சைக்கிளை ஓரங்கட்டினார்கள். ஆட்டிவைக்கும் ஆர்வம் கொண்டவர்களோ ஆபத்து தெரிந்தும் ஓட்டினார்கள்.

வாடிவாசலுக்கும் இது பொருந்தும். மாடுபிடி வீரர்களுக்கு முன்பதிவு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் இருக்கிறது. அப்படியும் 2025 பொங்கல் அன்று அவனியாபுரத்தில் மாடு முட்டி ஒரு வீரர் உயிரிழந்தார். ‘இன்னைக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று இறங்காமல் நிற்க முடிந்தால் அது ஆர்வம். காயத்தை மறைத்துக்கொண்டு களத்தில் இறங்கச் சொன்னால் அது வெறி. வாசலில் காத்திருக்கும் அம்மாவுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம்

* ஒரு வாரம் அதை விட்டு இருக்க முடிகிறதா?
* அதற்காகத் தூக்கம், வேலை, படிப்பு கெடுகிறதா?
* எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் போகிறது என்பதை வீட்டில் மறைக்கிறீர்களா?
* சந்தோஷம் குறைந்த பிறகும் தொடர்கிறீர்களா?

விட முடியவில்லை, மறைக்கிறோம் என்று பதில் வந்தால் நெருங்கியவர்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. இதில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

காளை, சினிமா, கிரிக்கெட், பாட்டு என எதன் மேல் சொக்கினாலும் தப்பில்லை. சொக்கிய பிறகு வீட்டுக்குத் திரும்பும் வழி ஞாபகம் இருந்தால் போதும்.