முதலை வாய்ப் பிள்ளையும் நம்பி ஆரூரரும்

கோவையில் படித்த நமக்கு 'அவிநாசி ரோடு' தெரிந்த அளவுக்கு அவிநாசி தெரியாது. ஊருக்குப் போகும் பஸ் அங்கே நின்று புறப்படும், நாம் தூங்கிக்கொண்டிருப்போம். நானும் அப்படித்தான். எங்க அம்மிச்சி ஒருநாள் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, வாசலில் விளக்குக் கம்பத்தின் அடியில் ஒரு முதலையைக் காட்டினார். அதன் வாயிலிருந்து ஒரு பையன் வெளியே வந்துகொண்டிருந்தான். "முழுங்குதுன்னு நெனைக்காதே கண்ணு, துப்புது" என்றார்.

அந்தப் பையனைத் துப்ப வைத்தவர் சுந்தரமூர்த்தி நாயனார். கதை தெரியாதவர்கள் கொங்கு நாட்டில் குறைவு. ஆனால் இன்ஜினீயர் புத்தி சும்மா இருக்குமா? இது அவரே சொன்னதா, பின்னால் வந்தவர்கள் சேர்த்ததா என்று தேடிப் பார்த்தேன். கிடைத்ததை இந்த மலரில் நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சுந்தரர் பிறந்தது திருநாவலூர். இயற்பெயர் நம்பி ஆரூரர். தந்தை சடையனார், தாய் இசைஞானியார். ஆதிசைவர் குலம் என்றாலும் வளர்ந்தது நரசிங்க முனையரையர் என்ற குறுநில மன்னர் வீட்டில். காலத்தைப் பற்றி அவரே ஒரு தடயம் விட்டிருக்கிறார். அடியார்களை வரிசையாகப் பாடிய திருத்தொண்டத்தொகையில் கழற்சிங்கன் என்ற பல்லவ மன்னனை, அப்போது ஆள்பவனாகவே குறிப்பிடுகிறார். அவன் ராஜசிம்மன் என்றால் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மூன்றாம் நந்திவர்மன் என்றால் 9ஆம் நூற்றாண்டு. அறிஞர்கள் இரண்டு கட்சி. வாழ்க்கையை விரிவாக எழுதிய சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுக்காரர். நடுவே ஏறக்குறைய முந்நூறு வருஷமாவது இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, "இவன் எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது" என்று வழக்காடினார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப்போட்டார். "நீ கிழித்தது நகல், மூலம் திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது" என்றார் கிழவர். (டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்.) சபையில் மூல ஓலை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. கல்யாணம் நின்றது, பாட்டு தொடங்கிற்று.

அவர் துறவி அல்லர். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அதே 8ஆம் நூற்றாண்டில் ஜெருசலேம் பக்கம் மார் சாபா மடத்தில் தமஸ்கு யோவான் என்ற கிறிஸ்தவத் துறவி கீர்த்தனைகள் எழுதிக்கொண்டிருந்தார். கிழக்குத் திருச்சபைகளில் ஈஸ்டர் அன்று இன்றும் அவர் பாட்டுத்தான். வெட்டுண்ட அவருடைய வலக்கை மாதாவின் அருளால் கூடியது என்று ஒரு கதை உண்டு. அதுவும் அவர் காலத்துக்கு வெகு பின்னால் எழுதப்பட்ட வரலாற்றில் வருவதுதான். அவர் உலகத்தை விட்டு மடத்துக்குப் போனவர். நம்மவரோ திருவாரூரில் பரவையாரையும் திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணந்தவர். நெல் வேண்டும், பொன் வேண்டும், ஊடிய மனைவியிடம் தூது போக வேண்டும் என்று சிவனைத் தோழனாக நினைத்துக் கேட்டவர். உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து, அதை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஒரு ஊன்றுகோல் மட்டும். காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண் என்று தவணையில்தான் பார்வை திரும்பியது. அந்தக் கோபம் அவருடைய பாட்டிலேயே இருக்கிறது. சேக்கிழார் சேர்த்தது அல்ல.

கொங்கு நாட்டில் அவர் பாடிய நான்கு தலங்களுக்குப் பதிகங்கள் கிடைத்துள்ளன: கொடுமுடி, வெஞ்சமாக்கூடல், திருமுருகன்பூண்டி, அவிநாசி. சேர நாட்டு நண்பர் சேரமான் பெருமாளிடமிருந்து பொன்னும் பொருளும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அவிநாசிக்குப் பக்கத்திலே முருகன்பூண்டியில் வழிப்பறி நடந்தது. கொள்ளையடித்தவர்கள் வேடர் உருவில் வந்த சிவகணங்கள் என்கிறது பெரியபுராணம். பதிகத்தைப் படித்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை. வில்லை வைத்துக்கொண்டு, மிரட்டி, அடித்து, துணியைப் பறிக்கிற வடுக வேடர்கள்தான் தெரிகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் நீர் எதற்காக உட்கார்ந்திருக்கிறீர் என்று சாமியையே கேட்கிறார்! பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சரக்கு போய்வந்த பாதை இது. சுண்டக்காமுத்தூர் பக்கம் ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த வழியின் முக்கியத்துவம் தெரியும். அந்தக் காலக் கொங்குப் பாதை எப்படி இருந்தது என்பதற்கு இந்தப் பதிகத்தை ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அவிநாசிக்கு வருகிறேன். அப்போது ஊருக்குப் பெயர் புக்கொளியூர். அவிநாசி என்பது சாமியின் பெயர், அழிவில்லாதவன். பின்னால் சாமி பெயரே ஊர்ப்பெயர் ஆகிவிட்டது.

சேரமானைப் பார்க்க மறுபடி போகிற வழியில், ஒரு வீதியில் எதிரெதிரே இரண்டு வீடு. ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், மேளச் சத்தம். எதிர்வீட்டில் அழுகை. இரண்டு வீட்டுப் பையன்களும் ஐந்து வயதில் சேர்ந்து குளிக்கப் போனவர்கள். ஒருவனை முதலை கொண்டுபோய்விட்டது. தப்பியவனுக்குத்தான் இன்று விசேஷம்.

இங்கே சேக்கிழார் ஒரு காரியம் செய்கிறார். சுந்தரர் வந்திருக்கிறார் என்று கேட்டதும் அழுதுகொண்டிருந்த தாய் தகப்பன் முகமலர்ந்து ஓடிவந்து கும்பிடுகிறார்கள். "பிள்ளையை இழந்தவர்கள் நீங்கள்தானா?" என்று அவர் கேட்க, அது நடந்து முடிந்தது, நீங்கள் வந்ததே பாக்கியம் என்கிறார்கள். பிள்ளையைத் திருப்பித் தா என்று அவர்கள் கேட்கவே இல்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. இவர்கள் பிள்ளையை மீட்டுக் கொடுத்த பிறகுதான் அவிநாசியைக் கும்பிடுவேன் என்று சொல்லி, குளம் எங்கே என்று விசாரித்துக் கரைக்குப் போகிறார்.

சரி, அவருடைய பாட்டில் என்ன இருக்கிறது? ஏழாம் திருமுறையில் 92ஆம் பதிகம், குறிஞ்சிப் பண். மேளம், எதிர்வீடு, பூணூல் எதுவும் அதில் இல்லை. ஆனால் நான்காம் பாட்டில், கரையிலுள்ள முதலையிடம் பிள்ளையைத் தரச் சொல்லும்படி காலனுக்கு உத்தரவிடு என்று சிவனிடம் நேராகவே கேட்கிறார். ஆக, முதலையும் பிள்ளையும் காலனும் அவர் வாயிலேயே வந்தவை. வீதியும் இரண்டு வீடும் சேக்கிழார் கட்டியவை, அல்லது அவர் காதில் விழுந்த ஊர்ப்பேச்சு. அப்பருக்குத் திங்களூரில் பாம்பு கடித்த பையன், சம்பந்தருக்கு மயிலாப்பூரில் பூம்பாவை என்று உயிர்ப்பித்த கதைகள் உண்டு. எனக்கு இந்தப் புக்கொளியூர்ப் பாட்டுத்தான் உறைக்கிறது. தனக்காகவே அதிகம் கேட்டுப் பழகிய மனுஷன், கண் போய்க் கண் வந்தவர், சொந்தபந்தம் இல்லாத ஊரில் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைக்காக வாய் திறக்கிறார்.

கணக்கில் சேக்கிழார் நம்மைவிடக் கெட்டிக்காரர். முதலை உமிழ்ந்தது ஐந்து வயதுப் பையனை அல்ல. இடையில் போன வருஷங்களின் வளர்ச்சியையும் சேர்த்துத்தான் காலன் திருப்பிக் கொடுத்தான் என்கிறார். இல்லாவிட்டால் எதிர்வீட்டுக் கூட்டாளியோடு எப்படி விளையாடுவான்?

தாமரைக் குளக்கரையில் சுந்தரருக்குச் சின்னக் கோயில் இருக்கிறது. அடுத்த தடவை பஸ்ஸில் போகிற தம்பிகள் இறங்கிப் பாருங்கள். தாய் கையில் பிள்ளையைக் கொடுத்து, அவனுக்கும் பூணூல் கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டுத்தான் சுந்தரர் மலைநாட்டுக்குக் கிளம்பினார். அங்கே திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை மேல் கயிலைக்குப் போனார் என்பது புராணம். கொங்கு நாட்டு வழியாக அவர் திரும்பி வரவில்லை.