கம்பு நேப்பியர் திசு வளர்ப்பில் வளர்ச்சி ஊக்கிகளின் தேர்வும் அளவும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் கேரள–தமிழக எல்லைக் கிராமங்களில் தென்னைகளின் இடைவெளியிலும் வரப்போரத்திலும் கறவை மாட்டுக்காக நடப்படும் புற்களில் முதன்மையானது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கோயம்புத்தூரில் உருவான கோ-3, கோ-4 இரகங்களும் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சுகுணாவும் இவ்வகையின. கம்பில் 14, நேப்பியரில் 28 குரோமோசோம்கள், ஒட்டில் 21. மும்மடியம் ஆதலால் இது விதை பிடிப்பதில்லை. கரணையோ வேர்விட்ட தூரோதான் நடுபொருள். 60 × 50 செ.மீ. இடைவெளியில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 33,000 கரணைகள் தேவை. ஒரு தோட்டத்தில் நோயோ இரகக் கலப்போ புகுந்தால், கரணை வாங்கியவர் தோட்டத்துக்கும் அதுவே போய்ச் சேரும். திசு வளர்ப்புக்கு இங்கே வேலை இருப்பது இதனால்தான்.

ஊடகத்தில் சேர்க்கும் வளர்ச்சி ஊக்கிகளில் ஆக்சின் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் தண்டு, இரண்டும் ஒத்திருந்தால் கேலஸ் எனும் உருவற்ற திசுத்திரள் என்று ஸ்கூக், மில்லர் இருவரும் 1957-இல் புகையிலைத் திசுவில் காட்டினர். புற்கள் இவ்விதிக்கு எளிதில் பணிவதில்லை. அவற்றின் முதிர்ந்த திசுவில் செல் பகுப்பு நின்றுவிடுகிறது. இளம் இலையின் அடிப்பகுதி, விரியாத பூங்கொத்து போன்ற இளந்திசுக்களே நன்கு இசைகின்றன, அதுவும் 2,4-டி போன்ற வலிய ஆக்சினுக்கு. 1980-களின் தொடக்கத்தில் புளோரிடா பல்கலைக்கழகத்தில் இந்திர வசில் குழுவினர் நேப்பியரிலும் கினியாப் புல்லிலும் இவ்வழியாக உடல் கருக்களை (உடற்செல்லிலிருந்து உருவாகும் கருக்களை) பெற்று முழுச் செடிகளாக்கினர். கரு உருவாக 2,4-டி வேண்டும். அது முளைக்க அதே 2,4-டியைக் குறைக்கவோ நீக்கவோ வேண்டும்.

ஆனால் கேலஸ் வழியாக வரும் செடிகள் தாய்ச்செடியை அப்படியே ஒத்திருக்கும் என்ற உறுதி இல்லை. லார்கின், ஸ்கவுகிராஃப்ட் இருவரும் 1981-இல் சோமாகுளோனல் வேறுபாடு எனப் பெயரிட்டது இதையே. கலப்புக்கு உதவாத மும்மடியத்தில் பயிர்ப்பெருக்க ஆய்வாளருக்கு இவ்வேறுபாடு அரிய வாய்ப்பு: ஆக்சலேட் குறைந்த செடியையோ அமில மண்ணைத் தாங்கும் செடியையோ அதிலிருந்து தேடலாம். உழவருக்குத் தரும் நடுபொருளில் அதுவே கேடு. ஆகவே இரு நோக்கங்களுக்கும் ஒரே ஊடகத்தைப் பயன்படுத்துவது தவறு.

இரகத் தூய்மைக்கு ஏற்றது நுனிமொட்டும் கோணமொட்டும். 1962-இன் முராஷிகே–ஸ்கூக் ஊடகத்தில் லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் பிஏபி என்னும் சைட்டோகைனின் சேர்த்தால், கேலஸ் இடையே வராமல் மொட்டுகள் கிளைக்கும். எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டு பிஏபியைக் கூட்டினால் தளிர்கள் கண்ணாடி போல் நீர்கோத்து, கடினப்படுத்தும் கட்டத்தில் மடியும். வேரூன்ற இப்புல்லுக்குப் பெரிய தூண்டுதல் வேண்டியதில்லை. பாதி வலுவுள்ள ஊடகமும் சிறிதளவு ஆக்சினும் பெரும்பாலும் போதும்.

ஒரு தூரே பல கரணைகளைத் தரும்போது, ஆய்வகக் கன்றை நேரே உழவருக்கு விற்பது வீண்செலவு. தூய கன்றுகளால் தாய்த்தோட்டம் அமைத்து, அதில் இரகத்துக்கு ஒவ்வாதவற்றைக் களைந்து, எஞ்சியதிலிருந்து கரணை வழங்குவதே பொருந்தும். பெரும்பாலும் கருவுறாமலே விதை ஈனும் கினியாப் புல்லில் நாற்றுகள் தாயையே ஒத்திருப்பதால், அங்கே இத்தகைய தாய்த்தோட்டத்தின் தேவையும் குறைவு.